மலையில்லாத ஊரில் மலைச் சைக்கிள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, வெள்ளவத்தை மரைன் டிரைவில் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் எதிரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். காலி வீதியிலுள்ள புடைவைக் கடையொன்றில் வேலை செய்பவர், வீடு கொட்டாஞ்சேனையில். ரயரில் காற்றுப் போய்விட்டதோ என்று கேட்டேன்.

"காத்து இருக்கு ஐயா. முழங்கால்தான் வலிக்குது. கொஞ்ச தூரம் தள்ளிட்டுப் போய், பிறகு ஏறலாம்னு பார்க்கிறேன்" என்றார்.

சைக்கிளைப் பார்த்தேன். பருத்த ரயர்கள். முன்னால் இரண்டு சுருள்வில்கள், இருக்கைக்குக் கீழே இன்னொன்று. இருபத்தொரு கியர். சட்டத்தில் பனி மூடிய சிகரமொன்றின் படம். செயின் மட்டும் துருவேறிச் செங்கல் நிறத்தில் இருந்தது. மட்காட் இல்லை, கரியர் இல்லை, பெல்லும் இல்லை. மதியச் சாப்பாட்டுப் பையை ஹாண்டிலில் தொங்கவிட்டிருந்தார்.

"இதை வித்துட்டு மறுபடியும் பஸ்ஸிலயே போகலாமான்னு யோசிக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க ஐயா?"

இத்தகைய கேள்விக்கு நடைபாதையில் நின்றுகொண்டு பதில் சொல்லக் கூடாது. சைக்கிளை என் வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகுமாறும், மறுநாள் காலை நானே அதை ஓட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வருவதாகவும் சொன்னேன். அவர் முகத்தில் கவலை தெரிந்தது. அது சைக்கிளைப் பற்றியதா என் வயதைப் பற்றியதா என்று நான் கேட்கவில்லை.

அவர் அந்தச் சைக்கிளை வாங்கியது 2022இல். அந்த ஆண்டை இந்நகரத்தவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் முந்நூற்றறுபது ரூபாவைத் தொட்டது. ஜூன் 28 தொடக்கம் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பின்னர் கியூ.ஆர். அட்டை வந்தது. இடைப்பட்ட நாட்களில் பஸ்ஸும் இல்லை, முச்சக்கரவண்டியும் இல்லை. கால்கள் மட்டும் இருந்தன. கொழும்பு மக்கள் சைக்கிளை நினைத்துக்கொண்டார்கள். கடைகளில் இருந்தவை விற்றுத் தீர்ந்தன. ரூபா விழுந்த வேகத்தில் விலையும் ஏறியது. கடையில் நின்ற எதையும், கேட்ட விலைக்கு, கடன்பட்டாவது வாங்க வேண்டிய நிலை. அந்த நாட்களில் வாங்கப்பட்டவற்றில் கணிசமானவை இந்த வகைச் சைக்கிள்கள்தாம். இன்று வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் உள்ள தொடர்மாடிகளின் படிக்கட்டுகளுக்குக் கீழே பாருங்கள். ரயர் தரையோடு ஒட்டிப்போய், செயின் இறுகி, தூசு படிந்து நிற்கின்றன.

இவை ஏன் கைவிடப்பட்டன? எரிபொருள் வந்துவிட்டது, சோம்பலும் வந்துவிட்டது என்பது பலருடைய பதில். அதில் பாதி உண்மை இருக்கலாம். மறு பாதியை அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் சைக்கிளின் மேல் இருந்தபடி கண்டேன்.

முதலில் இந்த வண்டியின் பிறப்பைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்றொரு மாவட்டம். அங்கே 1970களில் சில இளைஞர்கள், பருத்த ரயர் கொண்ட பழைய கனத்த சைக்கிள்களை மலையுச்சிக்குக் கொண்டுபோய், மண்பாதை வழியே பாய்ந்து இறங்குவதை விளையாட்டாக்கினார்கள். 1976இல் அது போட்டியாயிற்று. அந்தச் சரிவுக்கு 'ரீபக்' என்று பெயர். ஒருமுறை இறங்கி முடிந்தால் பின்சில்லின் பிறேக் சூட்டில் கிறீஸ் எரிந்துவிடும். மறுபடியும் கிறீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர் அது. ஜோ பிரீஸ் என்பவர் 1977இல் இதற்கென்றே ஒரு சட்டத்தைக் கட்டினார். கேரி ஃபிஷரும் சார்லி கெலியும் 1979இல் இவ்வகைச் சைக்கிள்களை விற்கும் கம்பனி தொடங்கினார்கள். 1996இல் அற்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளோட்டம் பதக்கப் போட்டியானது. ஆக, கல்லும் மண்ணும் செங்குத்துச் சரிவும் கொண்ட இடத்துக்காக, அந்தந்த இடத்தில் அடிபட்டு உருவான நல்ல வண்டி இது. அதன் பரம்பரையில் எனக்குக் குறையில்லை. கொழும்பில் மலிவு விலையில் கிடைப்பது அதன் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்ட ஒன்று. சில மலிவு வண்டிகளின் சட்டத்தில், இதைக் கரடுமுரடான பாதையில் ஓட்டவோ பாயவோ கூடாது என்று சிறிய எழுத்தில் எச்சரிக்கை ஒட்டப்பட்டிருப்பதும் உண்டு. பெரிய எழுத்தில் மலை. சிறிய எழுத்தில் மலை வேண்டாம்.

இனி ஓட்டத்துக்கு வருவோம். வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல், கோட்டை, புறக்கோட்டை, செட்டியார்தெரு, ஜம்பட்டா வீதி என்று கொட்டாஞ்சேனை வரை ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர். பெரும்பகுதி சமதரை, கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரந்தான். மேடு என்று சொல்லத்தக்கது புறக்கோட்டையைத் தாண்டி, வுல்வெண்டால் தேவாலயம் அமைந்திருக்கும் பக்கத்தில் மட்டுமே. எனக்கு ஐம்பத்தைந்து நிமிடங்கள் பிடித்தன.

ரயரில் இருந்து தொடங்குகிறேன். மண்ணைக் கவ்வுவதற்காகக் குமிழ் குமிழாக அமைந்த ரயர், தாரில் ஓடும்போது வண்டு போல் ரீங்காரம் செய்கிறது. அந்த ஓசை முழுவதும் நமது கால்கள் கொடுக்கும் வலுதான். மழை பெய்த தார் வீதியில் குமிழ்களின் நுனி மட்டுமே தரையைத் தொடுவதால் பிடிப்பும் குறைவு. வெள்ளைக் கோடுகளின் மேல் திரும்பும்போது மிகுந்த கவனம் வேண்டும்.

அடுத்தது சுருள்வில். விலை உயர்ந்த மலைச் சைக்கிளில், வில் அமுங்கியபின் துள்ளாமல் அடக்கி மீளச்செய்யும் எண்ணெய்ப் பொறியோ காற்றுப் பொறியோ இருக்கும். மலிவு வண்டியில் இருப்பது வெறும் வில். பள்ளத்தில் விழுந்தால் அமுங்குகிறது, எழுந்து துள்ளுகிறது. அதைவிட மோசம், நாம் ஒவ்வொருமுறை பெடலை மிதிக்கும்போதும் வண்டி முன்னே போவதற்குப் பதில் சற்றுக் கீழே போகிறது. இருக்கைக்குக் கீழுள்ள வில் இந்த விரயத்தை இரட்டிப்பாக்குகிறது. இந்த வில்களின் நிறையையும் நாம்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். கடற்கரையோரம் ஓடும் வண்டியில், உப்புக்காற்றுப் பட்டு வில் வைத்த குழாய்கள் துருப்பிடித்து இறுகிவிடுகின்றன. அந்த இளைஞருடைய வண்டியில் முன்வில் ஏற்கெனவே இறுகியிருந்தது. பாரம் மட்டும் மிஞ்சியிருந்தது.

கியர்களைப் பற்றி நியாயமாகவே சொல்ல வேண்டும். பத்திரிகைக்காரனின் பழக்கத்தில் பற்களை எண்ணிப் பார்த்தேன். மிக இலகுவான கியரில் ஒரு மிதிக்கு வண்டி இரண்டு மீற்றர் அளவு நகர்கிறது. மிகக் கடினமானதில் ஏழு மீற்றர். எமது பழைய ஒற்றைக் கியர்ச் சைக்கிள் ஒரு மிதிக்கு ஐந்து மீற்றருக்குச் சற்று அதிகம் போகும். காலிமுகத்திடலில் காற்று முகத்தில் அறையும்போதும், வுல்வெண்டால் மேட்டிலும் கியரை இறக்க முடிந்தது ஒரு வரந்தான். ஆயினும் அந்தப் பத்துக் கிலோமீட்டரில் நான் பாவித்தவை நான்கு. மீதிப் பதினேழும் சும்மா வந்தன. அவற்றுக்காகச் செயின் மூடியின்றித் திறந்து கிடக்கிறது. மழைநீரும் மணலும் உப்பும் நேரே அதில் படிகின்றன. காற்சட்டையில் கறுப்பு எண்ணெய் அப்புகிறது. புடைவைக் கடையில் வெள்ளைச் சேட்டுடன் நிற்க வேண்டியவருக்கு இது சிறிய விடயம் அல்ல. மட்காட் இல்லாததால், ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இந்நகரில், பின்சில்லு வாரியடிக்கும் சேறு முதுகில் ஒரு நீண்ட கோடாக விழும். அவர் மாற்றுச் சேட்டு ஒன்றைப் பையில் கொண்டுபோகிறாராம்.

பிறேக் விடயத்தில் மலைச் சைக்கிளுக்கே என் வாக்கு. அதன் அலுமினியச் சில்லும் நீண்ட கைகள் கொண்ட பிறேக்கும் ஈரத்திலும் பிடிக்கின்றன. எமது பழைய சைக்கிளின் பளபளக்கும் இரும்பு றிம்மும் கம்பிப் பிறேக்கும் மழையில் நனைந்தால் பிறேக் பிடித்து முடிப்பதற்குள் சந்தி கடந்துவிடும். இளமையில் இரவுக் கடமை முடிந்து கிராண்ட்பாஸிலிருந்து மழையில் திரும்பிய நாட்களில், நான் பிறேக்கை விடச் செருப்பையே அதிகம் நம்பியிருக்கிறேன். பழையதெல்லாம் பொன் என்று வாதிட நான் வரவில்லை.

முழங்கால் வலிக்குக் காரணம் வேறு. இருக்கை மிகவும் தாழ்ந்திருந்தது. பெடல் கீழே இருக்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். இருக்கையின் உயரத்துக்கு அதுவே எளிய அளவுகோல். அவருக்கு அப்படி உயர்த்த முடியவில்லை. அவர் நல்ல உயரமானவர், சட்டமோ சிறியது. இருக்கைக் கம்பியை அதன் எல்லை வரை இழுத்தும் போதவில்லை. கடையில் அவரிடம் கேட்கப்பட்டது, "இருபத்தாறா, இருபத்துநாலா?" என்பது மட்டுமே. அது சில்லின் அளவு. சட்டத்தின் அளவு வேறு என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. தினமும் இருபது கிலோமீட்டர், மடங்கிய முழங்காலால் மிதித்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

இந்த இடத்தில் கடல் கடந்த ஒரு விடயம் நினைவுக்கு வருகிறது. கனடாவில் இருக்கும் எமது உறவினர்களின் பிள்ளைகள் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாடப் போகிறார்கள். அதற்கான பலகையிலும் 'எல்லா மலைக்கும் ஏற்றது' என்று ஒரு வகை உண்டு. சமப்படுத்திய சரிவிலும் ஓடும், புதுப்பனியிலும் ஓடும், பாய்ச்சல் மேடுகளிலும் ஓடும். அனுபவசாலிகள் அதைப் பற்றிச் சொல்வது, ஒரே பலகைதான் வாங்க முடியும் என்பவருக்கு அது நல்லது, ஆழமான புதுப்பனியில் அதற்கென்றே செய்த பலகைக்கு அது ஈடாகாது என்பதே. இதில் நான் கவனித்தது ஒன்று உண்டு. அங்கே பலகையை வாடகைக்குக் கேட்டால்கூட முதலில் கேட்பது நிறை எவ்வளவு, உயரம் எவ்வளவு, சப்பாத்து அளவு என்ன, முன்பு பழக்கம் உண்டா என்பவற்றை. ஒரு நாள் விளையாட்டுக்கு நான்கு கேள்விகள். நாள்தோறும் பிழைப்புக்குப் போகும் வண்டிக்கு இங்கே ஒரு கேள்வி.

ஏறுபவர் யார் என்று கேளாமல் வண்டியை எடைபோட முடியாது என்பதற்கு எமது மொழி வழங்கும் ஊர்களிலேயே நல்ல சான்றுகள் உண்டு. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாகக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அவர்களில் பலர் பெண்களுக்கென்று செய்த சைக்கிளை விட, குறுக்குப் பார் உள்ள ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள். பாரில் பிள்ளையை இருத்தலாம் என்பதே காரணம். தொழிற்சாலையில் வரைந்தவர்களுக்குத் தோன்றாத நியாயம் ஏறுபவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் வடபகுதியின் கதை வாசகர் பலருக்குச் சொந்த அனுபவம். 1990இல் பொருளாதாரத் தடை வந்து, எரிபொருளும் மின்சாரமும் அற்றுப்போன பின், யாழ்ப்பாணக் குடாநாடு சைக்கிளில் வாழ்ந்தது. விறகும் நெல்லும் நோயாளியும் அதில்தான் போனார்கள். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோர் உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு குடாநாடு இடம்பெயர்ந்தபோது, எத்தனையோ குடும்பங்களின் முழு வீடும் ஒரு சைக்கிளின் கரியரிலும் பாரிலும் ஹாண்டிலிலும் ஏறித் தென்மராட்சிக்குப் போயிற்று. கரியரும் பாரும் செயின் மூடியும் டைனமோவும் கொண்ட அந்தக் கறுப்பு வண்டியை எந்த ஊர் ஒட்டுக்கடைக்காரரும் திருத்துவார். மலிவு மலைச் சைக்கிளின் பின் கியர் வளைந்தால், பெரும்பாலும் முழுவதையுமே மாற்ற வேண்டி வருகிறது.

அப்படியானால் இளைஞர்கள் ஏன் அந்தக் கறுப்பு வண்டியை வாங்குவதில்லை? இதற்குரிய பதிலை நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். அது ஏழையின் வண்டி, மீன்காரரின் வண்டி என்ற எண்ணம் இந்நகரில் ஊறியிருக்கிறது. கடை வாசலில் அதைக் கொண்டுபோய் நிறுத்த இருபத்தைந்து வயதுப் பையனுக்குக் கூச்சம். மலைச் சைக்கிளை நிறுத்தினால் அது 'ஸ்போர்ட்ஸ்'. இந்தக் கூச்சத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். மனிதன் வண்டியில் மட்டும் அல்ல, மதிப்பிலும் பயணம் செய்கிறான். ஆனால் அந்த மதிப்புக்கு அவன் கொடுக்கும் விலை ஒரு மாதச் சம்பளமும் இரண்டு முழங்கால்களும் என்றால், அதைச் சொல்லாமல் இருப்பதும் தவறு. வசதியுள்ளவர் தவறான வண்டியை வாங்கினால் அது படிக்கட்டுக்குக் கீழே போகும். அவர் காருக்குத் திரும்புவார். அந்த இளைஞருக்கு அடுத்த வண்டி வாங்கப் பணம் இல்லை.

எனவே என் தீர்ப்பு இது. பண்டாரவளை, ஹப்புத்தளை, ஹற்றன் போன்ற மலைப்பிரதேசங்களில், ஏற்றமும் இறக்கமும் உடைந்த தோட்டப் பாதையும் உள்ளவர்களுக்கு மலைச் சைக்கிள் பொருத்தமானது. அங்கும் பின்வில் இல்லாததையே தேட வேண்டும். விடுமுறையில் ஓடிப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது மகிழ்ச்சி தரும், தடுக்க வேண்டாம். கொழும்பின் தார் வீதியில் நாள்தோறும் வேலைக்குப் போகிறவருக்கு, இன்றைய உருவத்தில் அது பொருந்தாது. அவருக்கு வேண்டியது மெல்லிய வழவழப்பான ரயர், வில் இல்லாத போக், அலுமினிய றிம், நல்ல பிறேக், ஐந்தாறு கியர், மட்காட், கரியர், செயின் மூடி, விளக்கு, பெல். இப்படியானவை உலகெங்கும் செய்யப்படுகின்றன. இங்கே கேட்பார் இல்லாததால் கடையில் இல்லை. கடையில் இல்லாததால் கேட்பாரும் இல்லை. டாம் வீதிக் கடைக்காரர்களில் ஒருவராவது வாடிக்கையாளரிடம் எங்கே ஓடப் போகிறீர்கள், என்ன ஏற்றுவீர்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்கத் தொடங்கினால், இந்த வட்டம் உடையும் என்று நம்புகிறேன்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் அதை விற்க அவசரப்பட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குமிழ் ரயரைக் கழற்றி, அதே இருபத்தாறு அங்குலச் சில்லுக்கு ஒன்றரை அங்குல அகலமுள்ள வழவழப்பான ரயர் போடலாம். ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்றடிக்க வேண்டும். விரலால் அமுக்கிப் பார்ப்பது அளவு ஆகாது. மட்காட்டும் கரியரும் தனியாக வாங்கிப் பூட்டலாம். நீளமான இருக்கைக் கம்பி கிடைக்கும். அதிலும் எல்லைக் கோடு குழாய்க்குள் மறைந்திருக்க வேண்டும். செயினை வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடவேண்டும். கடற்கரையோரம் இருப்பவர்கள் இதை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது.

கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய தாயார் முதலில் எனக்குத் தண்ணீர் தந்தார், பின்னர் மகனைக் கடிந்தார். தேநீர் குடித்தபடி இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுப்பது பழைய தொழிலின் தோஷம். ரயர் இரண்டும் இருக்கைக் கம்பியும் முதல் மாதம், மட்காட்டும் கரியரும் அடுத்த மாதம் என்று கணக்குப் போட்டோம்.

நேற்று மாலை மரைன் டிரைவில் அவரைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் போனார். கையசைத்தார், நிற்கவில்லை. ரீங்கார ஓசை இல்லை. சாப்பாட்டுப் பை இன்னும் ஹாண்டிலில்தான் தொங்கியது. கரியர் அடுத்த மாதம்.